பகடை உருட்டினால் சிரிப்பு: மேசை விளையாட்டுச் சித்திரத் தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு நண்பர் வீட்டில் கூடி ஆடுகிறோம். புதிதாக வரும் தம்பி தங்கைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பா, எங்கள் சொந்தக்காரர்கள் என்று யார் உள்ளே வந்தாலும், அலமாரியில் இருக்கும் பழைய காமிக்ஸைப் புரட்டிவிட்டுக் கேட்பது அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"டி அண்ட் டி, டி அண்ட் டின்னு சொல்றீங்களே அண்ணே, அது கம்ப்யூட்டர் கேமா?"

இல்லை, திரையே வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறோம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. 1974ல் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். வாள்வீரன், மந்திரவாதி, திருடி, பூசாரி, இப்படி எதுவாகவும் இருக்கலாம். "குகைக்குள்ள போறேன்" என்று நீங்கள் சொன்னால் உள்ளே என்ன கண்ணில் படுகிறது என்று டிஎம் சொல்வார். நீங்கள் செய்ய நினைத்தது கைகூடியதா என்பதை இருபது முகப் பகடை முடிவுசெய்யும்.

"சரி, அதுல சிரிக்க என்ன இருக்கு? வாள், பூதம், சண்டைதானே?"

டிஎம் வாரம் முழுக்க உட்கார்ந்து ஒரு கதை தயார் செய்திருப்பார். ஆடுகிறவர்கள் அதற்கு நேர் எதிர்த்திசையில் போவார்கள். பகடை இரண்டு பேர் பேச்சையும் கேட்காது. ஊரையே காப்பாற்ற வந்த வீரன் அரக்கனை நோக்கி வாளை ஓங்குவான், பகடையில் ஒன்று விழும், வாள் கைநழுவிப் போகும். சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்வான்? துரியோதனனோடு நின்று பேசுவான், அப்படியே திரும்பி நம்மிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். இந்தச் சித்திரத் தொடர்களின் பாத்திரங்களும் அப்படித்தான். குகைக்குள் நின்றுகொண்டே ரூல் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். கதைக்குள்ளும் இருப்பார்கள், மேசையிலும் இருப்பார்கள்.

"இந்த மாதிரி கார்ட்டூன் முதல்ல எங்க வந்துச்சு?"

டிராகன் என்ற மாதப் பத்திரிகையைச் சொல்ல வேண்டும். 1976ல் தொடங்கி 2007 வரை அச்சில் வந்தது. டி அண்ட் டி ஆடுகிறவர்களுக்கான பத்திரிகை. புது ரூல்கள், பூதங்களின் பட்டியல் எல்லாம் முன்பக்கங்களில் இருக்கும். எங்களில் பலர் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டத் தொடங்குவோம், சித்திரங்கள் அங்கேதான்.

டேவிட் டிராம்பியரின் 'வார்மி' 1977ல் தொடங்கியது. சுருட்டு பிடித்துக்கொண்டு பில்லியர்ட்ஸ் ஆடும் ஒரு டிராகன்தான் கதாநாயகன். மற்ற இடங்களில் வெட்டுப்பட்டுச் சாகும் பூதங்களுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்று அந்தத் தொடர் காட்டியது. 1980களின் தொடக்கத்தில் ஃபில் ஃபோலியோவின் 'வாட்ஸ் நியூ வித் ஃபில் அண்ட் டிக்ஸி' வந்தது. ஒரு ஆணும் பெண்ணும் மேடைப் பேச்சாளர்கள் மாதிரி நின்று ஆட்டத்தின் ஒவ்வொரு பழக்கத்தையும் கிண்டலடிப்பார்கள். 1983லிருந்து லாரி எல்மோரின் 'ஸ்னார்ஃப்குவெஸ்ட்'. நீள மூக்கும் நீளக் காதும் கொண்ட ஒரு சின்னப் பிராணி ராஜாவாக ஆசைப்பட்டு ஊர் சுற்றும் கதை. 1983ல் வந்த டி அண்ட் டி தொடக்கநிலைத் தொகுப்பின் புகழ்பெற்ற சிவப்புப் பெட்டியின் மேல் டிராகனை வரைந்ததும் இதே எல்மோர்தான். பிரம்மாண்டமான ஓவியம் தீட்டும் அந்தக் கை, இங்கே விளையாட்டாக வரைந்திருப்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

"சிங்கப்பூர்ல உங்களுக்கெல்லாம் அப்ப இது எப்படிக் கிடைச்சது?"

பெரும்பாலும் பழைய புத்தகமாகத்தான். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக ஆங்கிலப் பத்திரிகைகள் கிடக்கும். அதில் இடையிலே ஒரு டிராகன் இதழ் சிக்கும். வரிசையாகக் கிடைக்காது. ஒரு தொடரின் நடுப்பகுதியை முதலில் படித்துவிட்டுத் தொடக்கத்துக்கு எத்தனையோ மாதம் காத்திருந்தவர்கள் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் ஒருவனிடம் ஒரு இதழ் இருந்தால் போதும், பின்பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு வகுப்பெல்லாம் சுற்றும். நகலின் நகலில் கோடுகள் மங்கி, வசனம் மட்டும்தான் தெளிவாகத் தெரியும்.

அப்புறம் வீட்டில் இணையம் வந்தது. டயல்-அப் காலத்தில் அக்கா போனில் பேசி முடித்தால்தான் நமக்கு இணைப்பு. படம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும், கடைசிக் கட்டத்தில் இருக்கும் நகைச்சுவை கடைசியில்தான் தெரியும். அந்தக் காத்திருப்பும் ரசனையின் ஒரு பகுதியாக ஆகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கு ஆட ஆள் கிடைப்பதற்கு முன்பே இந்தத் தொடர்கள் கிடைத்துவிட்டன. ஒரு மேசையில் எப்படி உட்காருவது, டிஎம்மிடம் எப்படி வாதாடுவது, தோற்றால் எப்படிச் சிரிப்பது என்பதையெல்லாம் இவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். இவை மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

"ஆட்டமே தெரியாது. நேரா படிச்சா புரியுமா?"

முக்கால்வாசி புரியும். எல்லாக் கூட்டாளிகள் கூட்டத்திலும் ஒரு அவசரக்காரன், ஒரு சட்டம் பேசுபவன், ஒரு பாவப்பட்ட ஆள் இருப்பார்கள் அல்லவா? அவர்களைத்தான் படிக்கப் போகிறீர்கள். மீதிக் கால்வாசி ரூல் சம்பந்தப்பட்ட ஜோக். அதை ஆடுகிறவர் யாரிடமாவது கேட்டால், சொல்வதற்கு அவர் ஆசையோடு காத்துக்கொண்டிருப்பார்.

உதாரணத்துக்கு ஆரன் வில்லியம்ஸின் 'நாட்விக்'. ஒரு வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு பூசாரிப் பெண், இவர்கள் கொள்ளையடித்த பொக்கிஷம் முழுவதையும் முதுகில் சுமக்கும் ஒரு கூலியாள். பொறி இருக்கிறதா என்று பார்க்க அவனைத்தான் முன்னால் தள்ளுவார்கள். செத்துப்போவான். பூசாரிப் பெண் அவனை டக்ட் டேப் போட்டு ஒட்டி எழுப்பிவிடுவாள். மறுபடி சுமப்பான். பழைய ரூல்களில் கூலிக்கு ஆள் அமர்த்தலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு, ஆடுகிறவர்கள் அவர்களை நடத்தும் விதம் கொடுமையாக இருக்கும். அது தெரியாவிட்டாலும் நாட்விக்கின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

"இந்த 'நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிள்'ல எல்லாக் கட்டத்துலயும் அதே ஆளுங்க அதே மாதிரி உக்காந்திருக்காங்க. இது என்ன காமிக்ஸ்?"

என்னைக் கேட்டால் இந்த வகையில் இதற்குத்தான் முதலிடம். ஜாலி பிளாக்பர்ன் என்பவர் 1990ல் ஷேடிஸ் என்ற தம் சிறு பத்திரிகையில் பக்கத்தை நிரப்ப வரைந்தது. தனிப் புத்தகமாக வந்தது, டிராகன் இதழிலும் இடம்பிடித்தது. படம் சாதாரணம்தான், ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பார். ஆனால் வசனத்தைக் கேளுங்கள்.

பி.ஏ. என்பவர் ஆட்டத்தை நடத்துபவர். பாடுபட்டுக் கதை அமைத்துக்கொண்டு வருவார். பாப், டேவ் இருவருக்கும் எதைக் கண்டாலும் அடிக்க வேண்டும். பிரையன் ரூல் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர், பி.ஏ.வையே மடக்குவார். சாரா மட்டும்தான் "முதல்ல அவங்ககிட்டப் பேசிப் பார்ப்போமே" என்கிற ஆள், அவள் பேச வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் வில்லை எடுத்துவிடுவார்கள். குகையும் பூதமும் படத்தில் வருவதே அபூர்வம். நாலு முகங்கள் பேசுவதை வைத்தே அந்தக் குகை நம் கண்முன் வந்துவிடும். ஆட்டமும் அப்படித்தானே நடக்கிறது? அதனால்தான் அந்த அசையாத படங்கள் எனக்குச் சரியாகப் படுகின்றன.

எங்கள் மேசையில் ஒரு ஞாயிறு. டிஎம் கட்டத்தாளில் ஒரு கோயிலின் வரைபடத்தைப் பென்சிலால் போட்டு, தூண்களுக்கெல்லாம் நிழல் கொடுத்துக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் கோயிலுக்கே போகவில்லை. வழியில் ஒரு ரொட்டிக் கடைக்காரன் சில்லறை குறைத்துக் கொடுத்தான் என்று அவனைத் துரத்திக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டோம். டிஎம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து இந்த காமிக்ஸை எடுத்து, பி.ஏ. தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் கட்டத்தைத் திறந்து மேசை நடுவில் வைத்தார். சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த வாரம் கோயிலுக்குப் போனோம்.

"வெறும் குச்சி மனுஷங்க! இதைப் போய் இவ்வளவு தூக்கி வச்சுப் பேசுறீங்களே?"

'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' பற்றிய கேள்வி இது. ரிச் பர்லூ 2003 செப்டம்பரில் இணையத்தில் தொடங்கினார். அந்த ஆண்டு டி அண்ட் டி மூன்றாம் பதிப்பிலிருந்து 3.5க்கு மாறியது. முதல் பக்கத்திலேயே, சண்டையின் நடுவில் புது ரூல்கள் அமலுக்கு வந்துவிடுகின்றன. பாத்திரங்கள் சண்டையை விட்டுவிட்டுத் தங்களுக்கு என்ன மாறியது என்று பார்க்கிறார்கள்.

ஜோக்குக்காகத் தொடங்கிய தொடர் போகப்போகக் காவியமாக வளர்ந்தது. ராய் என்ற வீரனுக்கு அப்பாவின் பழைய சபதம் தலைமேல் விழுகிறது. எலன் முட்டாளாகத் தொடங்கி நாம் மதிக்கும் ஆளாகிறான். 1,300 பக்கங்களைத் தாண்டிய இந்தத் தொடரில், வட்டத் தலையும் குச்சிக் கையும் கொண்ட ஒருவர் சாகும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. படம் எளிமையாக இருப்பதால் நாம் முழுக்க வசனத்தையும் நிற்கும் தோரணையையும் கவனிக்கிறோம். புருவம் ஒரு கோடு சாய்ந்தால் போதும், கோபம் தெரிந்துவிடும்.

வாசகர்கள் எவ்வளவு பிரியம் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அச்சில் தீர்ந்துபோன புத்தகங்களை மறுபடி போட 2012ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் 57,750 அமெரிக்க டாலர் கேட்டார். 1.25 மில்லியன் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதே ஆண்டு அவர் கையில் பலத்த காயம் பட்டு மாதக்கணக்கில் வரைய முடியவில்லை. வாசகர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"வார்மி வரைஞ்சவர் காணாமப் போயிட்டாராமே, நிஜமா?"

நிஜம்தான். மேலே சொன்ன டிராம்பியர் சாதாரண ஓவியர் இல்லை. 1978ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற டி அண்ட் டி ரூல் புத்தகத்தின் அட்டையில், பெரிய சிலையின் கண்ணிலிருந்து இரண்டு திருடர்கள் ரத்தினக் கல்லைப் பெயர்த்தெடுப்பார்களே, அந்த ஓவியம் அவருடையது. 1988ல் கதை நடுவில் இருக்கும்போதே வார்மி நின்றுபோனது. ஓவியர் எங்கே என்று தெரியவில்லை. இறந்துவிட்டார் என்று நினைத்தவர்களும் உண்டு.

பல வருடம் கழித்து, 2002ல், இலினோய் மாநிலம் கார்பண்டேலில் ஒரு மாணவர் பத்திரிகை டாக்சி ஓட்டுநர் ஒருவரைப் பற்றி எழுதியது. பெயரையும் படத்தையும் பார்த்த பழைய வாசகர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பழைய வேலைக்குத் திரும்ப அவர் விரும்பவில்லை. 2014ல் காலமானார். வார்மியின் கதை முடியாமலே நிற்கிறது. கடைசியாக வந்த பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். ஒவ்வொரு இலைக்கும் பாறைக்கும் அவ்வளவு வண்ணம் தீட்டியிருக்கிறார்.

"என் மகன் இதைப் படிக்கிறான் தம்பி. இது சாத்தான் விளையாட்டுன்னு யாரோ சொன்னாங்களே?"

அந்தப் பேச்சு 1980களில் அமெரிக்காவில் கிளம்பியது. இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பில்லிசூனியத்துக்கும் தற்கொலைக்கும் இழுத்துப்போகிறது என்று இயக்கமே நடத்தினார்கள், துண்டுப்பிரசுரங்களும் வந்தன. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, பயமும் மெல்ல ஓய்ந்தது. உங்கள் மகன் செய்வதெல்லாம் கதை சொல்வது, கூட்டல் கழித்தல், நண்பர்களோடு வாதம்.

வயது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நாட்விக்கைச் சின்னப் பிள்ளைகளும் படிக்கலாம். ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்கில் ரத்தமும் கொலையும் உண்டு, உயர்நிலைப் பள்ளி வயதுக்குச் சரி. ஃபில் அண்ட் டிக்ஸியில் சில ஜாடைப் பேச்சுகள் பெரியவர்களுக்கானவை. கூட உட்கார்ந்து ஒரு பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள் அக்கா, நீங்களே முடிவு செய்யலாம்.

"பொண்ணுங்களை இதுல எப்படிக் காட்டியிருக்காங்க? அட்டையைப் பார்த்தா பயமா இருக்கே."

கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் காலப் பத்திரிகை ஓவியங்களில் ஆண் வீரனுக்கு முழுக் கவசமும் பெண் வீராங்கனைக்கு இரண்டு துண்டு உலோகமும் இருப்பது சகஜம். சித்திரத் தொடர்களிலும் அதன் சாயல் உண்டு, மறைத்துச் சொல்வதற்கில்லை.

அதே நேரம், மேசையைக் காட்டிய தொடர்களில் பெண்கள் நன்றாகவே வந்திருக்கிறார்கள். டிக்ஸி ஃபில்லுக்குச் சமமாக நின்று பேசுபவள். சாராவைப் பற்றி மேலேயே சொன்னேன், ஆட்டத்தை ஆட்டமாக ஆடுவது அந்த மேசையில் அவள்தான். ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்கின் ஹேலி, ராய் இல்லாத கட்டத்தில் கூட்டத்துக்கே தலைமை தாங்குகிறாள். அதே தொடரின் மந்திரவாதி வார்சூவியஸ் ஆணா பெண்ணா என்று சொல்லப்படவே இல்லை, கதைக்கு அது குறையாகவும் இல்லை.

"கிண்டல் பண்ணின கேமே நிஜமா வெளிவந்துச்சாமே?"

ஆமாம். நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிளில் அவர்கள் ஆடும் ஆட்டத்தின் பெயர் ஹேக்மாஸ்டர். டி அண்ட் டியைக் கேலி செய்யக் கற்பனையாக வைத்தது. வாசகர்கள் விடவில்லை. 2001ல் கென்சர் நிறுவனம் அதை நிஜமாகவே வெளியிட்டது, அதுவும் முதல் பதிப்பையே நான்காம் பதிப்பு என்று போட்டு. அதே ஆண்டில் வந்த மஞ்ச்கின் சீட்டாட்டமும் இந்தக் குடும்பம்தான். ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்தது, படங்கள் 'டோர்க் டவர்' வரைந்த ஜான் கோவாலிக். ஆட்டம் தெரியாத சொந்தக்காரர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது மஞ்ச்கின்தான்.

"சினிமாப் படத்துலேருந்து காட்சியை எடுத்து வசனம் மட்டும் மாத்தினா அது காமிக்ஸா? காப்பி இல்லையா?"

ஷேமஸ் யங் 2006, 2007ல் செய்த 'டிஎம் ஆஃப் தி ரிங்ஸ்' இந்த வழியைத் திறந்தது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படக் காட்சிகளை அடுக்கி, இந்தக் கதையை யாருமே கேள்விப்படாத ஒரு உலகில், ஒரு டிஎம் தன் நண்பர்களை வைத்து ஆட்டமாக நடத்தினால் எப்படி இருக்கும் என்று எழுதினார். டிஎம் பரவசத்தோடு பழங்கதையை விவரிப்பார், ஆடுகிறவர்களுக்குக் கொட்டாவி வரும். மொத்தம் 144 பக்கம். அவர் 2022ல் காலமானார்.

படம் கடன்தான். ஆனால் அந்த மேசை முழுக்க எழுதியவருடையது, நாம் சிரிப்பது மேசையைப் பார்த்து. அதனால் காமிக்ஸ் என்றுதான் நான் சொல்வேன். இன்னும் சந்தேகமாக இருந்தால் 2007ல் ஆஸ்திரேலியாவில் ஒரு நண்பர் குழு தொடங்கிய 'டார்த்ஸ் அண்ட் டிராய்ட்ஸ்' படியுங்கள், ஸ்டார் வார்ஸை இதே பாணியில் செய்தது. 1999 படத்தில் ஊரே வெறுத்த ஜார் ஜார் பிங்க்ஸை இங்கே ஆடுவது ஒரு சின்னப் பெண், பெயர் சாலி. அண்ணன் கூட வந்தவள், தோன்றியதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஒரு பாத்திரத்தை உருவாக்குகிறாள். மற்றவர்கள் அவளுக்காக அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். ஜார் ஜாரின் உளறல் எல்லாம் ஒரு குழந்தையின் கற்பனை என்றானதும் அந்தப் பாத்திரத்தின் மேல் பாசமே வந்துவிடுகிறது. காப்பி அடிப்பவர்களால் இதைச் செய்ய முடியாது.

"இப்ப ரூல் எல்லாம் மாறிப்போச்சு. பழைய ஜோக் எடுபடுமா?"

சிலது எடுபடாது. பழைய பதிப்புகளில் கவசத்தின் எண் குறையக் குறைய நல்லது. அடி விழுமா என்று பார்க்க தாக்கோ என்ற ஒரு எண்ணை வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். 2000ல் மூன்றாம் பதிப்பு அதைத் தூக்கிவிட்டது. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் தொடங்கியவர்களுக்கு தாக்கோ ஜோக் எதுவும் எட்டாது. ஆட்களை வைத்து வந்த ஜோக்குகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பி.ஏ.வும் நாட்விக்கும் எந்தப் பதிப்பிலும் இருக்கிறார்கள்.

"எல்ஃப், குள்ளர்னு எல்லாம் வெள்ளைக்காரங்க கதை. நம்ம ஆளுங்களுக்கு ஒட்டுமா?"

எங்கள் மேசையில் பாதிப் பேச்சு தமிழ், பாதி ஆங்கிலம், திட்டுவதற்கு மட்டும் ஹொக்கியன். எல்ஃப் பெயர் அங்கேயே நிற்கிறது, சண்டை போடுவது நாம்தான். ஆட்டத்தில் இரவு முகாம் போட்டபின் "யாருடா கார்ட் டியூட்டி?" என்று இழுபறி நடந்தால், தேசிய சேவை செய்த யாருக்கும் அது அந்நியமில்லை. ஒரு தமிழ் மேசையை வைத்து இப்படி ஒரு தொடர் வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். வரையத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் யோசியுங்கள். மேலே சொன்ன குச்சி மனிதர்களை நினைவில் வையுங்கள், பெரிய ஓவியராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

"சரிண்ணே, எதுல ஆரம்பிக்கட்டும்?"

இன்றைக்கே தொடங்க வேண்டுமென்றால் ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக். முதல் பக்கத்திலிருந்து இணையத்தில் இலவசம். முதல் நூறு பக்கம் ஜோக்குக்காகப் படியுங்கள், அதற்குமேல் கதை உங்களைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டார் வார்ஸ் பைத்தியம் என்றால் டார்த்ஸ் அண்ட் டிராய்ட்ஸ், அதுவும் இணையத்திலேயே இருக்கிறது. நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிளைத் தொகுப்புப் புத்தகமாக வாங்குவது நல்லது, ஒன்றிரண்டு கதையில் அதன் ருசி பிடிபடாது. பழைய டிராகன் இதழ் வேண்டுமென்றால் பிராஸ் பாசாவில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பின்பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள், பலர் அதை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டார்கள்.